வில்லை

வலக்கண்ணுக்குப் புதுவில்லை வைத்த டொக்டரிடம்
எந்தக் கொம்பனி என்று கேட்டேன்.
சிரித்தார்.
நான் பகிடிக்குக் கேட்கவில்லை.
முதற்சம்பளத்தில் புறக்கோட்டையில் வாங்கிய
பழைய யாஷிகாவிலிருந்து
என் ஒவ்வொரு வில்லையின் இலக்கமும்
எனக்குப் பாடம்.

தொண்ணூற்றாறில், பம்பலப்பிட்டிச் சாவடியில்
பிலிம் சுருளை உருவி
வெயிலில் நீட்டிப் பார்த்தான் ஒரு பொடியன்.
என்ன எடுத்தாய்?
கபுட்டோ, என்றேன்.
உண்மை. முப்பத்தாறும் காகம்.
தண்டவாளத்தில், கரண்ட் கம்பியில்,
கடலுக்கு முதுகு காட்டி ஒன்று.
அந்தச் சுருளைப்போல் துலக்கமாய்
பிறகு எதுவும் விழவில்லை.

கட்டவிழ்த்த காலை
கண்ணாஸ்பத்திரி யன்னலில் வந்து குந்தியது ஒன்று.
அதன் கழுத்துச் சாம்பல்!
இத்தனை வருசமும்
கொஞ்சம் மஞ்சளாகவே கழுவியிருக்கிறேன்.

கை தானாக முகத்துக்கு எழ,
தாதி சத்தம் போட்டா:
கண்ணைத் தொடாதீங்கோ அம்மா.