வருகைப் பதிவு

முதல் வாரம் முழுக்க என்னை அப்பா பெயரில்தான் கூப்பிட்டார்கள்.
பட்டியலில் கடைசியாக வருவது குடும்பப் பெயராம்.
எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது மேடம்,
கடைசியில் நிற்பவர் என் அப்பா என்றேன்.
டாக்டர் இப்திஸாம் பாதி கேட்டார்,
மீதிக்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.
ஆக, தோஹாவில்,
பெண்கள் பக்கத்துக் கட்டடத்தில்,
அறுபது பேர் வகுப்பில்
நான் பேச்சிமுத்து.

அவர்கள் மொழியில் அந்த முதல் ஒலி கிடையாது,
பக்கத்து ஒலியைப் போட்டுச் சமாளிப்பார்கள்.
என் மொழியிலோ இரண்டுக்கும் ஒரே எழுத்து.
எழுதிக் காட்டியும் திருத்த முடியாது.

பதிவு திறக்கும் அன்று விடிவதற்கு முன்பே
நான்கு ஜன்னல் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.
புள்ளியியல் மூன்று நிமிடத்தில் நிரம்பியது.
சூடானிய ரஷா போனில் சொன்னாள்:
எனக்கு அந்த நேரம் ஒத்துவராது,
என் இடத்தை விடுகிறேன், தயாராக இரு,
வாஹித், இத்னேன், தலாத்தா.
எடுத்தேன்.
அதுவரை அவளை நேரில் பார்த்ததில்லை.

அப்பா கேட்டது ஒன்றுதான்.
ஒரு கிரெடிட்டுக்கு எவ்வளவு?
சொன்னேன்.
விரலில் ஏதோ எண்ணினார், கம்ப்ரசர்களாக இருக்கும்.
"பரவால்ல, இந்த வருசம் வெயிலு நல்லா அடிக்கி."

நிறுத்தத்திலிருந்து வகுப்புக்குப் பதினெட்டு நிமிடம்.
எண்கோண முற்றங்கள் ஒன்றைப்போல் ஒன்று,
எந்த வாசலில் நுழைந்தாலும் நேற்று தொலைந்த இடம்.
மிட்டாய் எந்திரத்தின் அடியில் குளிர்ந்து தூங்கும் பூனைதான்
எனக்கு வழிகாட்டி. அது இடம் மாறினால்
அன்று தாமதம்.
ஆண்கள் பக்கத்தை நான் பார்த்ததேயில்லை.
அப்பா இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார்,
சீலிங்குக்கு மேலே.

அக்டோபரில் ஒரு செவ்வாய், ஏசி நின்றது.
மாற்று அறை இல்லை.
குறிப்பேட்டால் விசிறிக்கொண்டிருந்தோம்.
தாழ்வாரத்தில் காவல்காரப் பெண்ணின் குரல்:
ரிஜால்! ரிஜால்!
ஆண்கள் வருகிறார்கள்.
நூஃப் முகத்திரையை இழுத்துவிட்டாள்,
முன்வரிசை மொத்தமும் ஒரே சரசரப்பில் கறுத்தது.
முதலில் ஏணி வந்தது.
அதைப் பிடித்தபடி ஒரு நேபாளிப் பையன்,
பின்னால், தரையை மட்டும் பார்த்துக்கொண்டு,
நான் காலையில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை.

சொல்லியிருக்கலாம்.
தலையை ஆட்டியிருக்கலாம்.
என் செருப்பையாவது பார்ப்பார் என்று
காலை வரிசைக்கு வெளியே நீட்டினேன்.
ஏணியில் ஏறினார். ஒரு பலகையை நகர்த்தி
இடுப்புவரை மேலே மறைந்தார்.
நேரம் போகிறதென்று டாக்டர் இப்திஸாம்
வருகைப் பதிவைத் தொடங்கினார்.
அமல். தானா. ஹெஸ்ஸா. மரியம், இன்னொரு மரியம்.
பேச்சிமுத்து?

பிரசன்ட் என்றேன்.
யெஸ் மேடம் என்றது கூரை.

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள்.
பிறகு அறுபது பேரும், திரைக்குள்ளும் வெளியிலும்.
ஏணியில் இரண்டு கால்கள் அசையாமல் நின்றன.
டாக்டர் இப்திஸாம் மட்டும் சிரிக்கவில்லை.
பட்டியலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
இரண்டு டிக் போட்டதுபோல் தெரிந்தது.
சட்டென்று தலைக்கு மேல் காற்று வந்தது.

ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை இல்லை.
கை கழுவப் போகையில்,
குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"அந்த ரூம்ல இப்ப குளுருதா?"

மறுவாரம் எல்லோரும் ஸ்வெட்டரோடு வந்தோம்.
குளிர் தாங்கவில்லை என்று நூஃப் புகார் எழுதினாள்,
பச்சை மையில், மிக அழகான கையெழுத்தில்.
காகிதம் வரிசை வரிசையாக வந்தது.
ஐம்பத்தொன்பது பேர் போட்டார்கள்.
நான் பல் நடுங்க
அடுத்தவளிடம் தள்ளிவிட்டேன்.