ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன்

ஒஷாவாவில் ரயில் பாதைக்குப் பின்னால்
பழைய டூப்ளெக்ஸ். வாங்கியது ஏலத்துக்கு முதல் நாள்.
குளியலறை ஓடுகளை நான்தான் பதித்தேன்,
மூன்றாவது வரிசை கொஞ்சம் சரிவு.

மேல்வீட்டு டார்லீனுக்கு நான் நாதன்,
குழாய் பார்க்க வருகிற ஆள்.
முதல் நாள் கையில் ரெஞ்சோடு நின்றேன்,
அவளாகவே நினைத்துக்கொண்டாள்.
நான் திருத்தவில்லை.

வாடகை ஒரு கிழமை பிந்தலாமா என்றாள்.
"ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன்."
காருக்குள் போய் இருந்து
ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.
அடமானக் காசு ஐந்தாம் திகதி போகுமே என்றார்.
முடியாதாம் என்று போய்ச் சொன்னேன்,
அவரைக் கொஞ்சம் திட்டியும் வைத்தேன்.

ஜனவரியில் ஃபேர்னஸ் நின்றது.
இரவு இரண்டு மணி, மைனஸ் இருபத்திரண்டு.
முழங்காலில் நின்று இக்னைட்டரை மாற்றினேன்.
போர்வையோடு படியிறங்கி வந்தவள்
இருபது டொலரை என் ஜாக்கெட்டில் செருகி,
"அந்தக் கஞ்சனுக்குச் சொல்லிவிடாதே."

சொல்லவில்லை.
தாள் இன்னும் டூல்பொக்ஸில் கிடக்கிறது.
வரிக் கணக்கில் எங்கே எழுதுவது,
வாடகையிலா, கூலியிலா?

பனி விட்டதும்
அந்த மூன்றாவது வரிசையைப் பெயர்த்துப் பதிக்கவேண்டும்.
ஓனர் சம்மதித்தால்.