பதினைந்து ஆம்ப்

அடுக்ககத்தில் எழுபத்திரண்டு வீடு,
கீழ்த்தளத்தில் எழுபத்திரண்டு கட்டம்.
மோட்டார் அறைச் சுவரில்
பதினைந்து ஆம்ப் பிளக் பாயிண்ட்
ஒன்றே ஒன்று.

என் வண்டி பாதி பெட்ரோல், பாதி கரண்ட்.
கம்பெனி ஏலத்தில் எடுத்தது, மூன்றாம் கை.
"ராத்திரி செருகிட்டுப் படுங்க மேடம்,
காலையில சொட்டுப் பெட்ரோல் இல்லாம
சூளகிரி போயிடலாம்" என்றான் விற்றவன்.
எங்கே செருகுவதென்று சொல்லவில்லை.
நான் இருப்பது நாலாவது மாடி.

முதல் வாரம் பால்கனியிலிருந்து ஒயர் இறக்கினேன்.
மூன்றாம் மாடி ருக்சானா
கொடியென்று நினைத்துத் துண்டு காயப்போட்டார்.
இரண்டாம் மாடிப் பொடியன்
பிடித்து ஆட்டிக் கோயில் மணி அடித்தான்.
எட்டாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம்,
ஒரே வரியில் மூன்று ஆச்சரியக்குறி.

கூட்டம் போட்டார்கள்.
செயலாளர் ஹனுமோஜி ராவ் கால்குலேட்டரோடு வந்தார்.
"பொது மீட்டர் மேடம்.
நீங்க வளர்க்கிற மாட்டுக்கு
நாங்க ஏன் புல்லு போடணும்?"
தீப்பிடிக்கும் என்றார் ஒருவர்.
தினமும் ஸ்கூட்டர் பாட்டரியைக் கழற்றி
லிஃப்டில் தூக்கிப்போய்
கட்டிலுக்கடியில் சார்ஜ் போடுகிறவர்,
அவரும்
தீப்பிடிக்கும் என்றார்.

கடைசியில் இப்படி முடிந்தது:
பதினோரு மணிக்கு டேங்கர் வரும்.
சம்ப் நிறைந்து, தண்ணீர் மேலேறும் வரை
பாயிண்ட் மோட்டாருக்கு.
இரண்டு மணிக்கு மேல் எனக்கு.
யூனிட் பன்னிரண்டு ரூபாய்.
நோட்டில் கையெழுத்து கட்டாயம்.

மாற்றிச் செருகுவது காவலர் திகந்த போரா.
அஸ்ஸாம்காரர். எண்களைத் தன் எழுத்தில்தான் எழுதுவார்.
அவருடைய நாலு பார்க்க நம் எட்டு மாதிரி.
முதல் மாதம் முழுக்க
நாலுக்கெல்லாம் எட்டு கட்டினேன்.
ராவும் ரசீது கொடுத்தார்.

சித்திரையில் ஒரு ராத்திரி
இரண்டேகாலுக்கு விழிப்பு வந்து கீழே போனேன்.
மோட்டார் ஓடவில்லை. வண்டியும் ஏறவில்லை.
ருக்சானா இரண்டு குடத்தோடு படிக்கட்டில் இருந்தார்.
"டேங்கர் இன்னும் பாகலூர்லதானாம்."
அவர் வீட்டில் மாமனாருக்கு வயிற்றுப்போக்கு,
மாலையிலிருந்து குழாய் வறண்டிருக்கிறது.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கொசுவைப் பற்றிப் பேசினோம்.
சார்ஜ் மூடியைத் திறந்துகொண்டு என் கார்
பல் டாக்டரிடம் வந்த பிள்ளைபோல் நின்றது.

மூன்றரைக்கு டேங்கர்.
போரா என் முகத்தைப் பார்த்தார்.
தண்ணிக்கே போடுங்க என்றேன்.
பெரிய தியாகமெல்லாம் இல்லை;
எனக்கும் குளிக்க வேண்டியிருந்தது.

காலையில் திரையில் எட்டு சதவீதம்.
பெட்ரோலில்தான் போனேன்.

சாயங்காலம் திரும்புகையில்
பேரண்டப்பள்ளிக் காட்டோரம் வண்டிகள் நின்றன.
"யானை. லைட்டை அணைங்க" என்றார்
முன்னால் நின்ற தக்காளி லாரிக்காரர்.
என் பாட்டரியில் மிச்சம் நாலு.
எட்டு இல்லை, நாலேதான்.
ஏசி இன்னும் ஒரு நிமிடம் ஓடினால்
எஞ்சின் எழுந்து உறுமும்.
எல்லாவற்றையும் அணைத்தேன்.

பத்தோ பன்னிரண்டோ.
நடுத்தடுப்பில் ஏறத் தெரியாத குட்டியை
ஒன்று நெற்றியால் முட்டி முட்டி ஏற்றியது.
அவசரமே இல்லை அதற்கு.
இந்தப் பக்கம் ஓசூர், அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி,
நடுவில் நூறு வண்டி,
ஒரு ஹார்ன் இல்லை.
சங்கத்துக் கூட்டத்தில்கூட
நாங்கள் இவ்வளவு அமைதியாய் இருந்ததில்லை.

வீடு வர ஒன்பதரை.
போரா நோட்டை நீட்டினார்.
நேற்றைய தேதிக்கு எதிரே
அவர் எழுத்தில் ஒரு பூஜ்யம்.
அதை மட்டும்
யாரிடமும் கேட்காமல் படிக்க முடிந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

மேலே எங்கோ
யாரோ குழாயை மூட மறந்திருந்தார்கள்.