அரை மணித்தியாலம்

பன்னிரண்டாம் அறைக் கதவைத் திறந்தால் மழை.
மூடித் திறந்தால் வெயில்.
ஆறு கிழமையாக என் போட்டோக் கொப்பிக் கடையில்
இதைத் தவிர வேறு கதை இல்லை.

திருநெல்வேலிச் சந்தியால் கம்பசுக்குப் போகிற வழி, இடப்பக்கம்.
மெசின் சூடாகும்வரை நிற்கிற பெடியள்
சாகரி எப்பவோ செத்துவிட்டாள் என்பார்கள்.
நீல நிறத்தில் வருகிற காட்சியெல்லாம்
அவள் சாகாமல் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியது.
பௌதிகவியல் மூன்றாம் வருசம் துவாரகன்
மை பிரண்ட தாளொன்றின் பின்பக்கத்தில் கோடு கீறி
நடுவில் பிளந்து காட்டினான்:
"அக்கா, இதிலைதான் ரெண்டாகுது."
அந்தத் தாளை நான் எறியவில்லை.

காணி உறுதிக்கு லமினேற் அடிக்க வந்த
ஓய்வுபெற்ற நில அளவையாளர் அமிர்தநாதர்
இரட்டைப் பிள்ளைகள், வேறொன்றுமில்லை என்கிறார்.
மச்சம் எந்தப் பக்கம் என்று அளந்து பார்க்கச் சொல்கிறார்.
மருந்துக் கடை நிரஞ்சலாவுக்கு
எல்லாமே அந்த லொட்ஜ் சமையற்காரனின் கனவு.
அவளுக்கு அந்தச் சமையற்காரனில் ஒரு கண்.

நான் பேசாமல் ஸ்டேப்பிள் அடித்துக்கொண்டிருந்தேன்.
நான் பார்த்தது வேறு.
வரவேற்பு மேசைக்கு மேலே ஒரு மணிக்கூடு.
மஞ்சளில் சாகரி உள்ளே வரும்போது பத்து மணி.
நீலத்தில் அதே செருப்பு, அதே பெட்டி,
ஒன்பதரை.

முகமாலையில் பஸ்ஸால் இறங்கி
பையைத் திறந்து காட்டி
சூனியப் பிரதேசம் கடந்து
திரும்பவும் திறந்து காட்டி
பிறகு மணிக்கூட்டை அரை மணித்தியாலம்
பின்னுக்குத் திருப்ப வேணும்.
துவாரகன் தவழ்ந்துகொண்டிருந்த காலம்.
அங்கே பழைய நேரம், இங்கே புதிய நேரம்.
வெயில் மட்டும் ஒரே வெயில்.

இரண்டாயிரத்து மூன்று ஆவணி, கிளிநொச்சி பஸ் நிலையம்.
கடிதத்தில் பத்து மணி என்று இருந்தது.
யாருடைய பத்து என்று இரண்டு பேருமே எழுதவில்லை.
அவருடைய ஊர், அவருடைய நேரம் என்று
நான் திருப்பி வைத்துக்கொண்டு போனேன்.
என்னைக் காக்க வைக்கக்கூடாது என்று
அவர் தன்னுடையதை முன்னுக்குத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார்.
நான் போய்ச் சேர
சர்பத் கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
"அந்தத் தம்பியோ? அஞ்சு நிமிசம் இருக்காது பிள்ளை, போய்."

மரியாதையால் கெட்ட காரியம்.

பிறகு அவருடைய கடிதம் இரண்டு வந்தது.
மூன்றாவது என்னுடைய முறை.
வெட்கம், புதுக் கடை,
அம்மாவின் கண் ஒப்பரேசன், இப்படி ஏதோ.
இரண்டாயிரத்து ஆறு சித்திரையில்
கொழும்பும் பழைய நேரத்துக்கே திரும்பியது.
எல்லா மணிக்கூடும் ஒத்துப்போய்விட்டது.
நாலு மாதத்தில் பாதையைப் பூட்டினார்கள்.

கடை பூட்டிய பிறகு ஒரு நாள்
துவாரகனின் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன்.
நீலக் கோட்டில் நான் எங்கே?
பரந்தனில் ஒரு வீடு. சரி.
முற்றத்தில் ஒரு பிள்ளை. சரி.
வீட்டை வைத்தால் அதற்குப் பிறகு வந்த
வருசங்களையும் வைக்க வேணும்.
கோடு அந்த இடத்துக்கு வர
பேனையை மூடிவிட்டேன்.

கடைசிப் பகுதி போன ஞாயிறு.
இரட்டையும் இல்லை, கனவும் இல்லை.
சாகரி கதவைப் பூட்டித் திறப்பைக் குளத்துக்குள் எறிந்தாள்.
அவ்வளவுதான்.
துவாரகன் சீட்டுக்காசை ஏமாந்தவன்போல் வந்து நின்றான்.
பாவமாக இருந்தது. மணிக்கூட்டைப் பற்றிச் சொன்னேன்.
கண் விரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினான்.

மற்ற நாள் வந்தான்.
இயக்குநர் ஏதோ பேட்டியில் சொல்லியிருக்கிறாராம்,
நீலக் காட்சி எடுத்த கிழமை முழுக்க
அது நின்றுபோன மணிக்கூடாம்,
பற்றரி வாங்க ஆளில்லையாம்.
"விசர் நாடகம் அக்கா."

நாற்பது பக்கம், இரண்டு பக்கமும், ஸ்பைரல்.
காசை எண்ணும்போது நிமிர்ந்து பார்த்தான்:
"உங்கடை மணிக்கூடும் பிழையெல்லோ,
அஞ்சு நிமிசம் முன்னுக்கு நிக்குது."

அது நான் வைத்தது, என்றேன்.
கடைசி பஸ்ஸுக்கு.