பதினேழு ஒன்றுகள்

கெமிக்கு வடக்கே, அந்தச் சிறிய ரயில் நிறுத்தத்தில்
சன்னல் வழி தெரிந்தவை பதினேழு தந்திக் கம்பங்கள்.
மற்றதையெல்லாம் பனி அழித்திருந்தது.
இரவுப் பணியில் இருந்த ஔனே சௌக்கோரீப்பி
பதிவேட்டின் பின்னட்டையில்
ஒருநாள் அவற்றை அப்படியே எழுதினாள்:

11111111111111111

எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதேதான்.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
நூற்றுப் பதினொரு கோடி கோடியே
பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே
பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.
மூச்சு வாங்குகிறது.
அவள் அதற்குப் பெயர் தேடவில்லை.
உடையுமா என்று மட்டும் கேட்டாள்.

இரண்டும் ஐந்தும் ஆகாது, பார்த்தாலே தெரியும்.
இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு;
மூன்றும் கைவிரித்தது.
ரொவானியெமி நூலகத்தின் பழைய புத்தகம் சொன்னது:
இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும்
முப்பத்து நான்கின் ஏதோ ஒரு மடங்குக்கு
ஓரடி தள்ளித்தான் நிற்கும்.

முதலில் 103.
கம்பம் கம்பமாக நடப்பதுதான் கணக்கு.
கையிலிருக்கும் மீதியைப் பத்தால் பெருக்கு,
ஒன்றைக் கூட்டு,
நூற்று மூன்றை முடிந்தமட்டும் கழி.
1, 11, 8, 81, 90, 77, 50...
பதினேழாம் கம்பத்தில் 57.
உடையவில்லை.
அடுத்தது 137.

நள்ளிரவு தாண்டி மரம் ஏற்றிய சரக்கு வண்டி வரும்.
பச்சை விளக்கை உயர்த்திக் காட்டிவிட்டு
உள்ளே வந்து கையுறையைக் கழற்றினால்
பென்சில் விட்ட இடத்திலேயே கிடக்கும்,
மீதியும்தான்.
பகல் பணிக்கு வரும் வில்யோ
குதிரைப் பந்தயமா என்று கேட்டான்.
ஆமாம் என்றாள்.

நான்கு குளிர்காலம்.
ஐந்தாவதில், பிப்ரவரியில்,
எண் 2071723.
பதினாறாம் கம்பத்தில் மீதி 1450206.
பத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டினாள்.
ஏழு முறை போனது.
அப்புறம் கழிக்க எதுவும் இல்லை.

திரும்பப் போட்டாள். திரும்பவும் இல்லை.
மறுபாதி 5363222357.
பாதி என்று சொல்வதும் தப்பு;
ஒன்று எலி, மற்றது கலைமான் கூட்டம்.
வெளியே போய்க் கம்பங்களைப் பார்த்தாள்.
ஒன்றும் சாய்ந்திருக்கவில்லை.

பதிவேட்டில் எழுதினாள்:
"2.40 சரக்கு வண்டி, நாற்பது நிமிடத் தாமதம். எண் உடைந்தது."
மேலதிகாரி சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
எந்தப் பெட்டியின் எண்?

ஹெல்சிங்கியிலிருந்து ஒரு பேராசிரியரின் பதில்:
அம்மையீர், விடை சரி.
ஆனால் நீங்கள் பிறப்பதற்கு முன்பே
இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.
'சரி' என்ற சொல்லின் கீழ் மட்டும்
அவள் கோடு போட்டாள்.

கோடையில் பக்கத் தண்டவாளத்துக்காக
இன்னும் இரண்டு கம்பங்கள் நட்டார்கள்.
பத்தொன்பது ஒன்றுகள்.
அது பகா எண். எதற்கும் மசியாது.
எனக்குத் தெரியும், அவளுக்கு யாரும் எழுதவில்லை.

இப்போது முப்பத்தெட்டின் மடங்குக்கு ஓரடி தள்ளி.
முதலில் வந்தது 191.
விளக்கின் கரியைத் துடைத்து வைத்துவிட்டு
உட்கார்ந்தாள்.
மீதி 84.