போக, வர

அருள்புரம் சாயப்பட்டறையில் இரவு ஒன்றரை மணி.
சாஃப்ட் ஃப்ளோ எந்திரங்கள் நான்கும்
கருநீலத்தைச் சுற்றிச் சுற்றிக் குடிக்கின்றன.
மடியில் லேப்டாப்.
காலடியில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினி.
அதுதான் இன்றைக்கு நான் கட்டும் வாசல்.

முதலாளியம்மா கேட்டது சின்ன விஷயம்.
அவிநாசி வீட்டில் இருந்தபடியே
மூன்றாம் தொட்டியின் நீர்மட்டம் தெரிய வேண்டும்,
பொள்ளாச்சி நூல் குடோன் தெரிய வேண்டும்,
வேறு எவனுக்கும் எதுவும் தெரியக் கூடாது.

ஊர் இணையத்தின் மேலேயே
எங்களுக்கென்று ஓர் ஊரைப் போட்டேன்.
பட்டறை, வீடு, குடோன் மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடு,
பத்தில் தொடங்கும் கதவெண்கள்.
நடுவே இருபுறமும் கிளுவை அடைத்த இட்டேரி.
உள்ளே போவது ஆளா மாடா என்று
வெளியே நிற்பவனுக்குத் தெரியாது.

ஆனால் நீர்மட்டக் கருவிக்குப் பன்னிரண்டு வயது.
புது மென்பொருள் எதையும் வாங்கிக்கொள்ளாது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும் பழைய எண்ணோடு
சுவரில் அப்பிக்கிடக்கிறது.
அதைப் புது ஊரில் குடிவைக்க முடியாது.
இங்கிருந்துதான் அதற்குத் தடம் வெட்ட வேண்டும்.

(பொள்ளாச்சியிலும் அதே பழைய எண்கள்.
ஒரே கதவெண்ணில் இரண்டு வீடு.
அது அடுத்த வாரத் தலைவலி.)

வெட்டினேன்.
சின்னப் பெட்டியிடம் சொன்னேன்:
உனக்கு வராததையும் வாங்கு, வாங்கி உரியவனிடம் சேர்.
அவிநாசிக்கு அறிவித்தேன்:
பழைய எண்கள் வேண்டுமென்றால் இவன் வழியாக.
தட்டிப் பார்த்தேன்.
பதில் இல்லை.
இன்னொரு முறை.
இல்லை.

போகிறது, கண்ணால் பார்க்கிறேன்,
பெட்டியைத் தாண்டிக் கம்பியில் இறங்கிக்
கருவியின் வாசல்வரை போகிறது.
கருவி ஊமையும் இல்லை,
ஒவ்வொரு தட்டுக்கும் அதன் பச்சை விளக்கு சிமிட்டுகிறது.
பதில்தான் எங்கேயோ போய்ச் சாகிறது.

பாய்லர் பார்க்கும் பொங்கியண்ணன்
கரிக்கையில் போனை ஏந்திக்கொண்டு
யாரிடமோ, மச்சானாக இருக்கும், கத்திக்கொண்டிருந்தார்.
"கெரயப் பத்தரத்துல தெளிவா இருக்குதுங்கறேன்.
மாமூல் வண்டித்தடத்துல ஆளு, மாடு, வண்டி
போக, வர பாத்தியம்னு.
போறதுக்கு மட்டும்னா எழுதியிருக்குது?
போனவன் அங்கயே குடியிருக்கறதா?"

நான் பழைய ரவுட்டரை நிமிர்ந்து பார்த்தேன்.
ஒட்டடைக்குள் அமைதியாக இருந்தது.
கருவி பதிலை ஒப்படைப்பது அதன் கையில்.
பத்தில் தொடங்கும் ஊரா, கேள்விப்பட்டதே இல்லை என்று
அது ஒவ்வொரு பதிலையும்
பெரிய ரோட்டில் வீசியெறிந்திருக்கிறது.
ஒரு மணி நேரமாக.

கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை.
அதை மாட்டிய மகுடீஸ்வரன்
இப்போது பல்லடத்தில் பேக்கரி வைத்திருக்கிறார்.
கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்தார்,
பன்னுக்கு மாவு பிசையும் நேரமாம்.
யோசிக்காமல் சொன்னார்,
வித்துட்ட பைக்கோட நம்பருங்க,
இன்னும் மறக்க மாட்டேங்குது பாருங்க.

உள்ளே போனேன். ஒரே ஒரு வரி.
பத்தில் தொடங்கும் எவருக்கும் உரியது
இந்தச் சின்னப் பெட்டி வழியாக.

முப்பத்தெட்டு மில்லிசெகண்டில் வந்தது.
மூன்றாம் தொட்டி, இரண்டு மீட்டர் பத்து.
அவிநாசியில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
பொங்கியண்ணனிடம் சொல்லலாம் என்று திரும்பினேன்.
அவர் வழக்கு ஆவணிக்கு வாய்தாவாம்,
சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்.
சொல்லவில்லை.

மாசக் கடைசியில் முதலாளியம்மா
பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஒரு வரி எழுதுனதுக்கா கண்ணு இவ்வளவு?
பிரிச்சு எழுதிக் குடு, ஆடிட்டர் கேப்பாரு."

பிரித்து எழுதிக் கொடுத்தேன்.
போக, ஐந்நூறு.
வர, மூவாயிரம்.