கதவுக்கு இந்தப் பக்கம்

இரவு இரண்டு மணிக்கும் அழைப்பு வரும்.
உட்லண்ட்சில், ஈசூனில், ஏதோ ஒரு புளோக்கில்
இரண்டு மாடிகளுக்கு நடுவே
யாரோ சிக்கியிருப்பார்கள்.
அப்பா பொத்தான் மாறிய சட்டையோடு ஓடுவார்.

கருவிப் பெட்டியைத் திறக்கும் முன்
மின்தூக்கிக் கதவருகே குந்தி
இடுக்கில் வாய் வைத்துக் கேட்பார்:
"சாப்பிட்டாச்சா?"
மலாயில் "சூடா மாக்கான்?"
ஹொக்கியனில் "ஜியா பா போய்?"
ஹொக்கியனில் அவருக்குத் தெரிந்தது
அந்த ஒரு வாக்கியம்தான்.
பதில் வந்தால் ஒரு சொல்லும் புரியாது;
"ஆ, ஆ" என்று கேட்டுக்கொண்டே
திருகாணியைச் சுழற்றுவார்.

ஏன் இவ்வளவு நேரம் என்று
அம்மா ஒரு விடிகாலையில் சண்டை போட்டபோது
ஆறிய தோசையைப் பிய்த்தபடி சொன்னார்:
"உள்ளே காத்து தீராது, சகுந்தலா.
சொன்னா நம்ப மாட்டான்.
என்ன சாப்பிட்டேன்னு கேட்டா
மீன் குழம்புன்னு சொல்வான் பாரு,
அப்பத்தான் மூச்சு விடுவான்."
அம்மா இன்னொரு தோசை போட்டாள்.
கோபமாகத்தான் போட்டாள்.

தனபாலனைக் கோபிக்க
எங்களிடம் காரணங்கள் நிறைய இருந்தன.
திரும்பி வராது என்று தெரிந்தே
முந்நூறு வெள்ளி கடன் கொடுப்பார்.
அம்மாவின் பிறந்தநாளை மறந்துவிட்டு
மறுநாள் கேக்கோடு வருவார், பெயரில் எழுத்துப்பிழையோடு.
சர்க்கரை நோய்க்குப் பயந்து கோப்பி ஓ கொசோங்,
அதோடு மூன்று குவே.
படம் பார்க்கப் போனால் பெயர் ஓடும்போதே தூங்குவார்,
வெளியே வந்து கதையும் சொல்வார்.

என் கல்யாணம் நின்றுபோன வாரம்
அறையைத் தாழிட்டுக்கொண்டேன்.
முதல் நாள் அம்மா அழுதாள்.
இரண்டாம் நாள் தம்பி கதவைத் தட்டினான்.
மூன்றாம் நாள் தரையில்
ஒருவர் உட்காரும் சத்தம், முழங்கால் முறியும் ஒலி.
"நாசி லெமாக் வாங்கியாந்தேன்.
நெத்திலி நமுத்துப் போகும்."
நான் பேசவில்லை.
"முட்டை ரெண்டு வச்சிருக்கான் இன்னைக்கு.
சம்பல் காரம் கம்மி."
பிறகு மழையைப் பற்றி,
பதினோராம் மாடித் திருமதி கோவின் பூனையைப் பற்றி,
யாருக்கும் தேவையில்லாத ஏதோ ஒரு
கம்பிவடத்தின் தடிமனைப் பற்றி.

அந்தத் தாழ்ப்பாளைக் கழற்ற
அவருக்கு ஒரு நிமிடம் போதும்.
கருவிப் பெட்டி பக்கத்தில்தான் இருந்தது.
கழற்றவில்லை.

நான் திறந்தபோது தூங்கிப்போயிருந்தார்,
மடியில் வாழையிலைப் பொட்டலம்.

*

மண்டாயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பெட்டி தானாகவே நகர்ந்தது.
அந்த மோட்டார் சத்தமே போடாததைப் பார்த்து
அவர் மலைத்திருப்பார்,
யார் செய்தது என்று கேட்டிருப்பார்.
கதவு மெல்ல மூடியது.
எங்கும் சிக்கவில்லை.

எல்லாரும் கும்பிட்டு நின்றோம்.
அம்மா மட்டும் கண்ணாடியில் நெற்றி வைத்து,
பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி,
"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அன்று காலை நாலு இட்லி
தட்டில் அப்படியே இருந்தது
அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

வீடு திரும்பி மின்தூக்கியில் ஏறினோம்.
திருமதி கோ கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
ஏழாம் மாடி. யாரும் பேசவில்லை.
ஐந்தைத் தாண்டும்போது
வழக்கம்போல லேசாகக் குலுங்கியது.
சரிசெய்யணும், சரிசெய்யணும் என்று
இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.